தோலின் வழியாய்ப் புகும் ஆகாரம்



சோப்பை யாரும் தின்பதில்லை. முகத்தைக் கழுவி, நுரையை அலசி, துண்டால் துடைத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது என்றுதான் நாம் எல்லாரும் எண்ணுகிறோம். ஆனால் ஜப்பான் தேசத்தில், முகம் கழுவும் சோப்பு ஒன்றைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர், அதுவரை ஒரு தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டுவந்த ரொட்டியையும் கோதுமை நூடுல்ஸையும் தொட முடியாத நிலைக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் மூச்சுத் திணறியும், இரத்த அழுத்தம் விழுந்து மயங்கியும் மருத்துவமனைகளுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்ல சுகத்தோடிருந்த பெண்கள்.

இது எப்படி நடந்தது, நம்முடைய வீடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வீட்டிலுள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்த இதழில் எளிய முறையில் விளக்க விரும்புகிறோம். சாப்பாட்டு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கும் குடும்பங்கள்கூட, குளியலறை அலமாரியையும் குழந்தையின் விளையாட்டுப் பெட்டியையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகையால்தான் இதை எழுதுகிறோம்.

ஜப்பானில் நடந்தது

அந்தச் சோப்பின் பெயர் "சா நோ ஷிசுகு". தேயிலைத் துளி என்று அதற்கு அர்த்தம். 2004 முதல் 2010 வரை தபால் மூலமும் தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலமும் அது அமோகமாக விற்பனையானது. 46 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அதை வாங்கினார்கள். விற்ற கட்டிகளின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது. முகம் ஈரப்பதத்தோடு மிருதுவாக இருக்கவேண்டும் என்பதற்காக அதில் கோதுமைப் புரதம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்திருந்தார்கள். சோப்பின் எடையில் அது ஏறத்தாழ 0.3 சதவீதமே.

தினமும் ஒருமுறையோ இருமுறையோ அந்தச் சோப்பால் முகம் கழுவி வந்தவர்களில் சிலருக்கு, மாதங்கள் கடந்தபின், கழுவும்போதே கண் அரித்தது, இமை வீங்கியது. சிலருக்கு அந்த எச்சரிப்பும் இல்லை. பிறகு ஒருநாள் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கும்போதோ, வீட்டுவேலை செய்யும்போதோ, திடீரென்று முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்தது. சாப்பிட்டது கோதுமை. கோளாறு தொடங்கிய இடமோ முகம் கழுவும் தொட்டி. இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க மருத்துவர்களுக்கே சிலகாலம் பிடித்தது.

2010 அக்டோபரில் ஜப்பானின் சுகாதார அமைச்சகம் இதைக்குறித்து எச்சரிக்கை விடுத்தது. 2011 மே மாதத்தில் அந்தச் சோப்பு கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. ஜப்பானிய ஒவ்வாமை மருத்துவச் சங்கம் அமைத்த குழு 2014 அக்டோபர் வரை சேகரித்த கணக்கின்படி, உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 2,111 பேர். சோப்பை நிறுத்திய பிறகு பலருக்கு நாளடைவில் ஒவ்வாமை தணிந்தது என்பது ஆறுதலான செய்தி. ஆயினும் எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை.

ஒவ்வாமை என்பது என்ன?

அலர்ஜி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒவ்வாமையில் பலவகை உண்டு. இங்கே நாம் பேசுவது உணவிலுள்ள புரதத்துக்கு உடல் காட்டும் உடனடி எதிர்ப்பு. நமது சரீரத்துக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. கிருமிகள் வந்தால் எதிர்க்கவேண்டும், ஆகாரம் வந்தால் வழிவிடவேண்டும். இந்த வித்தியாசம் அதற்குத் தெரிந்திருப்பதால்தான் நாம் தினமும் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்.

சிலருடைய உடலில் இந்தக் காவற்படை ஒரு சாதாரணப் புரதத்தைச் சத்துரு என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைச் சுமக்கும் பொருளுக்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர். 1960களின் நடுவில் இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியர் அமெரிக்காவில் பணியாற்றும்போது இதைக் கண்டறிந்தனர். ஐ.ஜி.ஈ., மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் மறுபடியும் உடலுக்குள் வரும்போது, அந்த அணுக்கள் வெடித்ததுபோல ஹிஸ்டமின் முதலான இரசாயனங்களைக் கொட்டிவிடும். அரிப்பு, தடிப்பு, வீக்கம், வாந்தி, இளைப்பு, மயக்கம் எல்லாம் அதன் விளைவுகள்.

ஆகவே இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, உடல் ஒரு புரதத்தைச் சத்துரு என்று குறித்துக்கொள்ளும் கட்டம். இதில் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டாவது, அதே புரதம் மறுபடி வரும்போது வினை தெரியும் கட்டம். ஜப்பானில் முதல் கட்டம் தோலிலும் கண்ணிலும் மூக்கிலும் நடந்தது. இரண்டாம் கட்டம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது.

ரொட்டி செய்யாததைச் சோப்பு செய்தது ஏன்?

அந்தப் பெண்கள் சிறுவயது முதலே கோதுமை சாப்பிட்டு வந்தவர்கள். பல வருடங்களாக ரொட்டியால் வராத தீங்கு சோப்பால் வந்ததற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது, புரதத்தின் தன்மை. கோதுமைப் புரதம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. சோப்பில் சேர்ப்பதற்காக அதை அமிலத்திலும் சூட்டிலும் வைத்து உடைத்திருந்தார்கள். இப்படி உடைக்கும்போது புரதத்தின் அமைப்பிலேயே சில மாற்றங்கள் ஏற்பட்டன. உடலின் காவற்படைக்கு அது புதிய ஆளாகத் தோன்றியது. மேலும், உடைத்தார்களே தவிரச் சிறு துகள்களாகும்வரை உடைக்கவில்லை. பெரிய துண்டுகளாகவே நின்றுவிட்டது.

துண்டின் அளவில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாஸ்ட் அணுவைத் தூண்டுவதற்கு ஒரு புரதத்துண்டு இரண்டு ஐ.ஜி.ஈ.க்களை ஒரே சமயத்தில் பிடித்து இணைக்கவேண்டும். ஒரே கையால் தாழ்ப்பாளையும் பூட்டையும் ஒருசேரத் திறக்க முடியாததுபோல, மிகச் சிறிய துண்டால் அது முடியாது. இதை மனதில் வைத்தே ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் ஒரு விதி செய்தது: அழகுப் பொருட்களில் சேர்க்கும் உடைத்த கோதுமைப் புரதத்தின் சராசரி மூலக்கூறு எடை 3,500 டால்டனுக்கு மேல் போகக்கூடாது. ஜப்பானியச் சோப்பிலிருந்த புரதமோ இதைப்போல பத்து மடங்குக்கும் மேற்பட்ட எடையுள்ளது.

இரண்டாவது காரணம், சோப்பு என்ற பொருளே. அழுக்கையும் எண்ணெயையும் கரைப்பது அதன் தொழில். அப்படிச் செய்யும்போது தோலின் மேலுள்ள இயற்கையான எண்ணெய்ப்பூச்சையும் கொஞ்சம் கரைத்துவிடுகிறது. கதவைத் திறந்துவைத்துவிட்டு விருந்தாளியை உள்ளே அனுப்பியதுபோல் ஆயிற்று. மூன்றாவது, இடம். முகம் கழுவும்போது நுரை கண்ணின் சவ்விலும் மூக்கின் சவ்விலும் படும். அந்தச் சவ்வுகள் தோலைக் காட்டிலும் மெல்லியவை. தினமும், வருடக்கணக்காய், அதே இடத்தில், அதே புரதம் பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வாசல்கள்

ஜப்பானில் நடந்தது ஒரு தனிச் சம்பவமா? அல்ல. அதற்கு முன்பே இங்கிலாந்தில் இதே உண்மையின் மறுபக்கம் தெரியவந்திருந்தது.

வேர்க்கடலை ஒவ்வாமை மேல்நாட்டுக் குழந்தைகளிடையே அதிகரித்து வந்த காலத்தில், கர்ப்பிணித் தாய்மார் வேர்க்கடலை சாப்பிடுவதுதான் காரணம் என்று பலரும் எண்ணினார்கள். டாக்டர் கிடியன் லாக் என்பவரும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 14,000 சிறு குழந்தைகளைப்பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2003ல் வெளியிட்டார்கள். தாய் சாப்பிட்டதற்கும் குழந்தையின் ஒவ்வாமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால், கைக்குழந்தையாய் இருந்தபோது சொறிக்கும் கரப்பானுக்கும் பூசிய தைலங்களில் கடலை எண்ணெய் கலந்திருந்த குழந்தைகளிடம் ஒவ்வாமை அதிகமாகக் காணப்பட்டது. குழந்தையின் வேதனையைத் தணிக்க அன்போடு பூசிய மருந்தே வாசலாய் அமைந்திருந்தது.

2006ல் ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ பல்கலைக்கழகத்தார் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். தோலின் மேலடுக்கைக் கெட்டியாக வைத்திருக்கும் ஃபிலாகிரின் என்னும் புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாயிருக்கிறது. அவர்களுடைய தோல் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல் இருக்கும். எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய் அவர்களுக்கு எளிதில் வரும். அப்படிப்பட்டவர்களிடையே வேர்க்கடலை ஒவ்வாமையும் அதிகம் என்று 2011ல் தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான சாட்சி 2015ல் வந்தது. அதே டாக்டர் லாக் குழுவினர் லண்டனில், ஒவ்வாமை வரக்கூடிய அபாயமுள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வேர்க்கடலையைக் கண்ணிலும் காட்டவில்லை. மற்றப் பிரிவினருக்கு, குழந்தை விழுங்கக்கூடிய பக்குவத்தில், தவறாமல் கொடுத்து வந்தார்கள். ஐந்து வயதில் பரிசோதித்தபோது, கடலையை விலக்கிய பிரிவில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்ட பிரிவில் 3.2 சதவீதம் பேருக்கே இருந்தது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது இதுதான். ஒரு புரதம் உடலுக்குள் வர இரண்டு வாசல்கள் உண்டு. வாயின் வழியாய் வந்தால், குடல் அதை ஆகாரமென்று அறிந்து வரவேற்கப் பழகுகிறது. புண்பட்ட தோலின் வழியாய் வந்தால், காவற்படை அதைத் திருடன் என்று குறித்துக்கொள்கிறது. கடலையும் கோதுமையும் பாலும் கெட்டவை அல்ல. அவை வரவேண்டிய வாசல் வாய்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

இதுவரை நாம் பார்த்தது ஒவ்வாமை எப்படி உண்டாகிறது என்பது. ஏற்கெனவே ஒவ்வாமையுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இரண்டாம் அபாயமும் உண்டு. உணவல்லாத பொருளே வினையைத் தூண்டிவிடலாம். இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்போம்.

பற்பசை: பல்லின் தேய்மானத்தைச் சரிசெய்ய, பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்திலிருந்து தயாரித்த பொருள் சேர்ந்த பசைகள் உண்டு. பல் மருத்துவர்கள் இவற்றைச் சிபாரிசு செய்வதுண்டு. பெரும்பாலோருக்கு இவை நன்மையே செய்யும். ஆனால் அமெரிக்காவில் 2019ல், பாலுக்குக் கடுமையான ஒவ்வாமையுள்ள ஒரு சிறுமி இப்படிப்பட்ட பசையால் பல் துலக்கியபின் உயிரிழந்தாள். அவளுடைய குடும்பத்தார் உணவுப் பொருட்களின் விவரங்களை எப்போதும் வாசித்து வந்தவர்கள். பற்பசையில் பால் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஆட்டுப்பால் சோப்பும் பூச்சும்: வறண்ட தோலுக்கு நல்லதென்று இவை விற்கப்படுகின்றன. கரப்பானுக்கு ஆட்டுப்பால் கலந்த பூச்சைப் பூசிவந்த ஒருவர், பிறகு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டபோது கடுமையான ஒவ்வாமைக்கு உள்ளானதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2014ல் வெளியிட்டார்கள்.

உதட்டுச்சாயம்: கார்மைன் என்னும் சிவப்புச் சாயம் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. சாயத்தோடு பூச்சியின் புரதமும் சிறிது வந்துவிடும். இது உதட்டுச்சாயத்திலும் உண்டு, தயிர், மிட்டாய், பானங்கள் போன்றவற்றிலும் உண்டு. முகப்பூச்சுகளால் இதற்கு ஒவ்வாமை கொண்டு, பின்பு அதே நிறமுள்ள பானத்தைக் குடித்தபோது துன்பப்பட்டவர்கள் உண்டு. அமெரிக்க அரசு 2009ல் ஒரு விதி செய்து, இதை உணவிலும் அழகுப் பொருளிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டும் என்று கட்டளையிட்டது.

பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி: தூசி பறக்காத சாக்குக்கட்டிகள் சிலவற்றில் கேசீன் சேர்க்கப்படுகிறது. பால் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் தும்மலும் இளைப்பும் வர இது காரணமாகலாம் என்று 2013ல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் காட்டினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இதனால் தீங்கில்லை.

விளையாட்டு மாவும் பசையும்: குழந்தைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவு பல சமயங்களில் கோதுமை மாவே. ப்ளே-டோ என்ற பெயரில் விற்பதில் கோதுமை இருப்பதாக அதன் தயாரிப்பாளரே அறிவிக்கிறார். காகிதம் ஒட்ட நாம் காய்ச்சும் மைதாப் பசையும் அப்படியே.

பிண்ணாக்கு: செடிக்கும் மாட்டுக்கும் வைக்கும் கடலைப் பிண்ணாக்கைக் கவனியுங்கள். எண்ணெயைப் பிழிந்தபின் கடலையின் புரதமெல்லாம் பிண்ணாக்கில்தான் தங்குகிறது. கடலை ஒவ்வாமையுள்ள பிள்ளை அதைப் பொடித்துத் தூவும் இடத்தில் நிற்கக்கூடாது. பறவைகளுக்குப் போடும் தீனியிலும் கடலை இருக்கக்கூடும்.

நம்முடைய சமையலறை: கடைப்பொருளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. கடலைமாவும் பயற்றமாவும் தேய்த்துக் குளிப்பதும், முகத்துக்குப் பாலாடை பூசுவதும், தலைக்கு முட்டை தேய்ப்பதும் நமது பழக்கங்கள். ஆரோக்கியமான தோலுக்கு இவற்றால் பெரும்பாலும் கெடுதி இல்லை. ஆனால் கொண்டைக்கடலை நமது தேசத்தில் முக்கியமான ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று என்று 2001ல் இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கரப்பான் வெடித்து நீர்வடியும் குழந்தையின்மேல் கடலைமாவைத் தேய்ப்பது, மேலே சொன்ன இரண்டாம் வாசலைத் தட்டுவதாகும்.

எண்ணெயைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வாமை தருவது எண்ணெயல்ல, அதோடு வரும் புரதம். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு. செக்கில் ஆட்டிய எண்ணெயில் சற்று அதிகம் தங்கும். கடலை எண்ணெய் சேர்ந்த அழகுப் பொருட்களில் கடலைப் புரதம் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அதே 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி கூறுகிறது.

அட்டையில் எழுதியிருப்பது

பாக்கெட்டைத் திருப்பி வாசித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, கோதுமை முதலியவை அடங்கிய உணவுப் பொட்டலங்களில் அதைத் தனியே எடுத்துச் சொல்லவேண்டும். இந்த விதி உணவுக்குத்தான். சோப்புக்கும் ஷாம்புக்கும் அல்ல. அழகுப் பொருட்களில் சேர்மானங்களின் பட்டியல் இருக்கும். ஆனால் அதில் தாவரங்களின் பெயர்கள் பெரும்பாலும் லத்தீன் மொழியில் இருக்கும். சிறிய பாக்கெட்டுகளில் பட்டியல் இல்லாமலும் போகலாம்.

ஆகையால் சில பெயர்களை இங்கே தருகிறோம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பட்டியலை வாசிக்கச் சொல்லி, ஒலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அராக்கிஸ் ஹைப்போஜியா என்றால் வேர்க்கடலை.
டிரிட்டிக்கம் வல்கேர் என்றால் கோதுமை.
செசாமம் இண்டிகம் என்றால் எள்.
ப்ரூனஸ் அமிக்டாலஸ் டல்சிஸ் என்றால் பாதாம்.
க்ளைசின் சோயா என்றால் சோயா.
ஜக்லன்ஸ் ரீஜியா என்றால் அக்ரூட். முகம் தேய்க்கும் பசைகளில் இதன் ஓட்டுத்தூள் சேர்ப்பதுண்டு.
லாக் என்றால் பால். கேசீன், வே என்பவையும் பாலிலிருந்து வந்தவையே.
ஓவம் என்றால் முட்டை. அல்புமின் என்றிருந்தாலும் விசாரியுங்கள்.

"ஹைட்ரலைஸ்டு" என்ற சொல் எந்தப் பெயருக்கு முன்னால் வந்தாலும், அந்தப் பொருளின் புரதத்தை உடைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "இயற்கையானது", "மூலிகை" என்ற வார்த்தைகளை நம்பி வாசிக்காமல் விடவேண்டாம். கடலையும் கோதுமையும் பாலும் இயற்கையானவைதானே! "ஒவ்வாமை தராதது" என்று அட்டையில் போட்டுக்கொள்வதற்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான அளவுகோல் ஏதும் இல்லை.

பயம் வேண்டாம், பகுத்தறிதல் வேண்டும்

இதை வாசித்து யாரும் வீட்டிலுள்ள சோப்பையெல்லாம் தெருவில் எறியவேண்டாம். ஜப்பானிலேயே, அந்தச் சோப்பை வாங்கியவர்களில் உறுதியான நோயாளிகள் ஏறத்தாழ 2,200 பேருக்கு ஒருவரே. மற்றவர்கள் சுகமாகவே இருந்தார்கள். மேலும், சோப்பும் பூச்சும் பட்டு வரும் சொறிகளில் பெரும்பாலானவை உணவுப் புரதத்தால் வருபவை அல்ல. வாசனைப் பொருட்களும், கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனங்களும், தலைச்சாயமும் அவற்றுக்கு முக்கியக் காரணங்கள்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நேரத்தைக் கவனியுங்கள். பொருள் பட்ட சில நிமிடங்களில், அல்லது ஒருமணி நேரத்துக்குள், தடிப்பும் வீக்கமும் அரிப்பும் வந்து சில மணி நேரத்தில் மறைந்தால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, கொப்புளித்து, செதில் உதிர்ந்தால் அது வேறுவகை. இரண்டுக்கும் பரிசோதனைகள் வேறு, சிகிச்சைகளும் வேறு. மருத்துவரிடம் போகும்போது "எப்போது பூசினேன், எத்தனை நேரத்தில் வந்தது" என்று சொல்லுங்கள். பொருளின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். பாதி வியாதி அதிலேயே விளங்கிவிடும்.

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, கரப்பானோ வெடிப்போ உள்ள தோலில் உணவுப்பொருளைப் பூசாதீர்கள். மாவு, பால், முட்டை, கடலை எண்ணெய், பாதாம் எண்ணெய் ஆகியவை அந்தத் தோலுக்கு வேண்டாம். வாசனையில்லாத சாதாரண வாசலினோ, மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பூச்சோ போதும். கரப்பானைக் காலதாமதமின்றிக் குணப்படுத்துவது அந்த வாசலை அடைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, குழந்தைகளுக்கு ஆகாரத்தை வீணாக விலக்காதீர்கள். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு முட்டையையும் கடலையையும் நிறுத்திவிட்டால், வாயின் வழியாய்ப் பழகும் வாய்ப்பு போய்விடும். கடுமையான கரப்பானோ, ஏற்கெனவே ஏதாவதோர் உணவுக்கு ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக்கடலையை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, ஒவ்வாமையுள்ளவர் இருக்கும் வீட்டில் பற்பசை, உதட்டுப்பூச்சு, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் அனைத்தையும் உணவைப்போலவே வாசித்து வாங்குங்கள். எப்போதும் வாங்கும் பொருளையும் அவ்வப்போது மறுபடி வாசியுங்கள். தயாரிப்பாளர்கள் சேர்மானத்தை மாற்றுவதுண்டு. பள்ளி ஆசிரியருக்கும், பல் மருத்துவருக்கும், முடி திருத்துபவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நான்காவது, ஆபத்தின் அடையாளங்களை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்கவேண்டும். உதடு, நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், தொடர்ந்த வாந்தி, தலைசுற்றி விழுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் தாமதிக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே கொடுக்கவேண்டிய முதல் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டிலிருக்கும் அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திவையுங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள்.

ஒரு துண்டுச் சீட்டு

கடைசியாக, உங்களில் அநேகர் செய்துவருகிற ஒரு நற்காரியத்தைக் குறித்து ஒரு வேண்டுகோள். அறுப்பின் பண்டிகை விற்பனைக்கென்று நமது பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் வீட்டில் சோப்பு காய்ச்சுகிறார்கள்; குளியல் மாவு அரைக்கிறார்கள்; தலைக்கு எண்ணெய் காய்ச்சிப் புட்டிகளில் நிரப்புகிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்கென்று சோப்பும் எண்ணெயும் வைத்துக் கட்டிய அன்பளிப்புப் பைகளும் மருத்துவமனைகளுக்கு வந்து சேருகின்றன. அவை அன்போடு தரப்படுபவை. ஆனால் பழைய புட்டியில் ஊற்றிய எண்ணெயில் என்ன இருக்கிறது என்று வாங்குகிற தாய்க்குத் தெரியாது. கொடுத்தவர் பக்கத்தில் இருந்து சொல்லவும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு கட்டியோடும் புட்டியோடும் பையோடும் ஒரு துண்டுச் சீட்டை வையுங்கள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை யாரும் வாசிக்கத்தக்க தமிழில் எழுதுங்கள்: கடலைமாவு, பயற்றமாவு, ஆட்டுப்பால், நல்லெண்ணெய், பாதாம் என்று வெளிப்படையாகவே எழுதலாம். கடையில் வாங்கிய பொருளானால் அதன் அட்டையைக் கிழிக்காமல் அப்படியே வையுங்கள். பச்சைக்குழந்தைக்கென்று அனுப்புவதில் மாவும் கடலை எண்ணெயும் வேண்டாம்.

இதற்குப் பணச்செலவு இல்லை. ஐந்து நிமிட நேரமும் ஒரு பேனாவும் போதும். பெரிய கம்பெனிகள் லத்தீன் மொழியில் எழுதுவதை நாம் தமிழில் எழுதிவிடலாம். அந்தச் சீட்டை வாசிக்கிற நூறு தாய்மாரில் ஒருத்திக்காவது, "இது என் பிள்ளைக்கு ஆகாது" என்று அறிந்து எடுத்து வைக்க அது உதவுமானால், அந்தப் பிள்ளைக்கு உங்கள் அன்பளிப்பு இரண்டு மடங்காய்ப் பிரயோஜனப்படும்.